மூன்றாவது டேக்

எங்கள் ஸ்டூடியோவில் எதையும் அழிக்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறது. அதைப் போட்டது நான்தான். அண்ணனுக்குச் சட்டம் போடவெல்லாம் நேரம் கிடையாது, அவன் டைரக்டர். விளம்பரப் படம், கல்யாண வீடியோ, கம்பெனிகளின் ஆண்டு விழா என்று எது வந்தாலும் எடுப்பான். நடுவில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் 'கலை' என்று ஏதாவது எடுப்பான். எடுத்து முடித்ததும் ஹார்டு டிஸ்க்கை என் மேஜையில் பொத்தென்று போட்டுவிட்டுப் போய்விடுவான். அதற்கப்புறம் அது என் பாடு.

என் அறை கட்டடத்தின் பின்பக்கம். ஜன்னல் கிடையாது. ஏசி பகல் முழுக்க ஓடும், ஏனென்றால் டிஸ்க்குகளுக்குச் சூடு ஆகாது. எனக்கு விரல் விறைத்துப்போவதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. இரண்டு இரும்பு அலமாரி நிறைய டிஸ்க்குகள், ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நீள நோட்டுகள். ஒரு வேலை முடிந்ததும் அதற்கு ஒரு எண் கொடுப்பேன். இரண்டு காப்பி எடுப்பேன். 'அ' காப்பி என் அலமாரியில், 'ஆ' காப்பி அண்ணன் வீட்டில். இங்கே தீப்பிடித்தால் அங்கே இருக்கும், அங்கே திருட்டுப் போனால் இங்கே இருக்கும். பதினோரு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். ஸ்டூடியோவில் எல்லோரும் என்னை டிஸ்க்கக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

காப்பி எடுத்தால் மட்டும் போதாது, ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கேதான் எனக்கு இந்தத் தொழில் மேல் அருவருப்பு வந்தது. படமாக வெளியே போவது இரண்டு நிமிஷம். எனக்கு வந்து சேர்வது இருபது மணி நேரம். 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முந்தைய பத்து விநாடியும் 'கட்' சொன்னதற்குப் பிந்தைய இருபது விநாடியும் என்னைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. ஒரு முதலாளி ஏழைக் கிழவருக்குக் கம்பளி கொடுக்கிறார். வெளிச்சம் சரியில்லை என்று அதைத் திருப்பி வாங்கி மறுபடி கொடுக்கிறார். மூன்று டேக். மூன்றாவது ஓகே ஆனதும் கம்பளியை மடித்து வண்டிக்குள் வைக்கிறார்கள், கிழவர் கையை நீட்டியபடியே நிற்கிறார். இந்த மாதிரி எத்தனையோ பார்த்தாயிற்று. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அந்தக் கை ஞாபகத்துக்கு வரும், அன்றைக்குப் பாதி டப்பா அப்படியே வீட்டுக்குத் திரும்பும்.

இரண்டு நோட்டு என்றேன் அல்லவா, ஒன்று சேமிப்பு நோட்டு. இன்னொன்று அழிப்பு நோட்டு. எதையாவது அழித்தே ஆக வேண்டும் என்றால் அதில் எண், தேதி, காரணம் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும், நான் ஒன்று, அண்ணன் ஒன்று. வருஷத்துக்கு ஒரு தடவை கூட அதைத் திறப்பதில்லை. போன வருஷம் ஒரு தடவை கையெழுத்துக்குக் கூப்பிட்டதற்கே அண்ணன் சலித்துக்கொண்டான். "ஒவ்வொரு தடவையும் என்ன இழுக்காத" என்று சொல்லி, அடுத்த இருபது வரிக்கும் சேர்த்து மளமளவென்று கையெழுத்துப் போட்டுத் தள்ளினான். காலி வரியில் கையெழுத்துப் போடாதே என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். "உன்ன நம்பாம யார நம்பப் போறேன்" என்று போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவன் என் அறைக்கு வந்தான். கையில் டீ. உதட்டோரம் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது.

"குட்டி, அம்மா டிஸ்க்க எடு."

என்னை அவன் குட்டி என்றுதான் கூப்பிடுவான். எனக்கு நாற்பத்து நான்கு வயது.

"எதுக்கு?"

"படம் பண்றேன். இருபத்தஞ்சு நிமிஷம். பெரிய போட்டி ஒண்ணு இருக்கு, வெள்ளிக்கிழமை கடைசி நாள். கத்திரிகிட்ட சொல்லிட்டேன். சாயங்காலத்துக்குள்ள அவன் கைக்குப் போயிடணும்."

கத்திரி எங்கள் எடிட்டர். ஐம்பது வயது, ஒல்லி, பேச்சையும் வெட்டி வெட்டித்தான் பேசுவார்.

அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. கடைசி ஐந்து வாரம் அவள் படுக்கையில் இருந்தபோது அண்ணன் கேமராவைக் கொண்டுவந்து அந்த அறையில் நிறுத்தினான். நமக்காக, நம் வீட்டுக்காக, நாளைக்கு அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் பார்க்க ஒன்று வேண்டாமா என்றான். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. ஆள் குறைவான ஷூட்டிங் என்றால் லாக் எழுத நான்தான் போவேன், அங்கேயும் நானே எழுதினேன். லாக் என்றால் ஒரு தாள். எத்தனையாவது ஷாட், எத்தனையாவது டேக், எப்படி வந்தது என்று ஒரு வரி. நன்றாக வந்த டேக்கைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். எடிட்டர் அந்த வட்டத்தை மட்டும் பார்த்தால் போதும்.

"நம்ம வீட்டுக்குன்னுதானே எடுத்தோம்" என்றேன்.

"அதெல்லாம் அப்ப. இப்ப உலகமே நம்ம வீடுதான்" என்று சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினான். இப்படிப்பட்ட வாக்கியங்களை அவன் மேடையில் பேசுவதற்கென்று வைத்திருப்பான். எனக்கே எடுத்துப் போடுவான் என்று நான் நினைக்கவில்லை.

"சரி, உன் வீட்ல இருக்கற 'ஆ' காப்பியக் கொண்டா. அதுலேர்ந்து போட்டுக் குடுக்கறேன். மூலத்த நான் வெளிய விடமாட்டேன், தெரியும்ல."

அவன் பார்வை என் தலைக்கு மேலே இருந்த ஏசிக்குப் போயிற்று. சின்ன வயசில் என் பென்சிலைத் தொலைத்துவிட்டு இப்படித்தான் விட்டத்தைப் பார்ப்பான்.

"அது எங்கயாவது இருக்கும். தேட நேரமில்ல. உன்கிட்ட ஒண்ணு இருக்கே."

அவன் போனதும் ஒரு சந்தேகத்தில் மூலையில் இருந்த அட்டைப் பெட்டியை இழுத்தேன். போன மாதம் ஒரு மெத்தை விளம்பரம் எடுத்துவிட்டு அவன் கொண்டுவந்து போட்ட டிஸ்க் அதில் கிடந்தது. இன்னும் எண் போடவில்லை. மேலே புது ஸ்டிக்கரில் 'மெத்தை' என்று அவன் கோழிக் கிறுக்கல். ஸ்டிக்கரின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதில் என் கையெழுத்தில் அம்மா டிஸ்க்கின் எண்: 212-ஆ.

ஷூட்டிங்குக்கு டிஸ்க் போதவில்லை என்று கையில் கிடைத்ததைத் துடைத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். என்னிடம் இன்னொன்று இருக்கிறதே என்ற தைரியம். இந்தத் தொழிலில் இருக்கிற அத்தனை பேரும் செய்கிற தப்பு இது. காப்பி இருக்கிறது என்பதற்காகவே காப்பியைக் காலி செய்வார்கள். கேட்டிருந்தால் புது டிஸ்க் ஒன்று எடுத்துக் கொடுத்திருப்பேன். அம்மாவின் ஐந்து வாரத்தின் மேல் ஒரு மெத்தை ஏறி உட்கார்ந்திருந்தது.

ஒரு காப்பி போய்விட்டால் உடனே இன்னொரு காப்பி எடுக்க வேண்டும், அப்புறம்தான் மற்ற எதுவும். கோபம் வந்தாலும் கை பழக்கத்தை விடாது. அலமாரியைத் திறந்து 212-அ-வை எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகினேன். புது டிஸ்க் ஒன்றைப் பக்கத்தில் செருகினேன். பதினான்கு மணி நேரக் காட்சி. முடிய நாலைந்து மணி நேரம் ஆகும் என்று காட்டியது. பச்சைக் கோடு ஊர ஆரம்பித்தது.

இனி ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதைச் சேமிப்பில் வைத்தபோது நான் ஓட்டிப் பார்க்கவில்லை. என் பதினோரு வருஷத்தில் அப்படிச் செய்தது அந்த ஒரு தடவைதான். ஃபைல்களின் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன், மூடிவிட்டேன். அப்போது அம்மா போய் ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

முதல் ஷாட்டில் அம்மா தலை சீவி, பின்னி, பொட்டு வைத்து, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா கணக்கு டீச்சர். தலை சீவாமல் வாசல் கதவைக்கூடத் திறக்கமாட்டாள். கேமராவைப் பார்த்து, "என்னடா, பரீட்ச பேப்பர் மாதிரி மூஞ்சிக்கு நேரா நீட்டற" என்றாள். அண்ணன் சிரிக்கும் சத்தம் கேட்டது, என் சிரிப்பும் கேட்டது. மூன்று வருஷமாக நான் கேட்காத குரல். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து அதையே மூன்று தடவை போட்டுக் கேட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆரம்பம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் பார்ப்பதுதான் என் முறை. நடுவில் ஒரு இடத்தைத் தொட்டேன்.

நான்காவது வாரம். பின்னல் இல்லை. முடியை வெட்டிவிட்டிருந்தோம். நைட்டியின் கழுத்து ஒரு பக்கம் சரிந்திருந்தது. படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூல், மேலே எவர்சில்வர் டம்ளர். அம்மா இரண்டு கையாலும் டம்ளரைத் தூக்கி ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அது உள்ளே இறங்குவதற்குள் கழுத்து நரம்பெல்லாம் எழுந்து அடங்கியது. டம்ளரை வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

அண்ணன் குரல்: "அம்மா, அந்தத் தண்ணிய இன்னொரு வாட்டி குடிம்மா. மெதுவா."

அம்மா கண்ணைத் திறந்தாள். மறுபடி டம்ளரைத் தூக்கினாள். குடித்தாள். வைத்தாள்.

"சூப்பர்மா. வெளிச்சம் போயிடுச்சு, அதான். கடைசியா ஒரே ஒரு வாட்டி."

மூன்றாவது தடவை தண்ணீர் புரை ஏறியது. அம்மா இருமினாள். தோள் இரண்டும் குலுங்கின, டம்ளர் சாய்ந்து தண்ணீர் நைட்டியில் கொட்டியது, இருமல் நிற்கவே இல்லை. கேமரா ஆடாமல் அவள் முகத்துக்குக் கிட்டே போயிற்று. கிட்டே போனால் போதாதென்று ஃபோகஸைச் சரிசெய்தது. மெதுவாக, நிதானமாக, ஒரு பூவை எடுக்கிற மாதிரி.

என்ன பிறவி இவன் என்று வாய்விட்டே சொன்னேன். பெற்றவள் மூச்சுக்குத் திணறுகிறாள், இவன் ஃபோகஸைத் திருப்புகிறான். அன்றைக்கே அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்க வேண்டும். அறையில் இன்னொரு ஆள் இருந்திருந்தால் தட்டிவிட்டிருப்பாள் அல்லவா?

அப்போதுதான் லாக் தாள் ஞாபகம் வந்தது.

ஃபைல் அடுக்கில் 212-ஐ உருவினேன். தாள்கள் வரிசையாக இருந்தன, நான் வரிசையாகத்தான் வைப்பேன். நான்காவது வாரம், ஷாட் முப்பத்தொன்பது, தண்ணீர். டேக் 1: சுமார். டேக் 2: வெளிச்சம் இல்லை. டேக் 3-ஐச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் என் கையெழுத்தில், நீல மையில்: 'இருமல் நல்லா வந்திருக்கு.'

அந்த மூன்று வார்த்தையை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. எழுத்துக் கோணல்மாணலாக இருந்தாலாவது, கை நடுங்க எழுதினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். முத்து முத்தாக இருந்தது. வட்டம்கூட அழகாக, ஒரே இழுப்பில் போட்ட வட்டம். நான் அங்கேயே, அம்மா காலடியில், மோடாவில் உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்து இதை எழுதியிருக்கிறேன். எழுதியது எனக்கு ஞாபகமே இல்லை. பாத்ரூமுக்குப் போய் வாயைக் கொப்பளித்தேன், முகம் கழுவினேன், கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பி வந்தேன்.

திரையில் ஷாட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு ஏதோ போன் வந்து அவன் வெளியே போயிருக்கிறான், கேமராவை நிறுத்தவில்லை. கேமரா ஸ்டாண்டில் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இருமல் அடங்கி, அம்மா நைட்டியின் ஈரத்தைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு திரைக்கு வெளியே இருந்த என்னைப் பார்த்தாள்.

"என்னடி எழுதற?"

"ஒண்ணுமில்லமா. நம்பர்."

பொய் சொல்கிற என் குரல் எவ்வளவு சாதாரணமாக இருந்தது.

"இதெல்லாம் யார் பாப்பாங்க?"

"நாங்கதாம்மா. அண்ணாவும் நானும்."

அம்மா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். தலையைத் தடவிக்கொண்டாள், பின்னல் இருந்த இடத்தை.

"நீங்க ரெண்டு பேர்னா சரி. வெளியாளுங்க வேண்டாம். இந்தக் கோலத்துல என்ன யாரும் பாக்க வேண்டாம். பாத்துக்கறியா?"

"பாத்துக்கறேன்மா."

"அவன்கிட்ட சொல்லாத, மூஞ்சி வாடிடுவான். நீ பாத்துக்கோ."

பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். கேமரா இன்னும் நாலு நிமிஷம் ஓடியிருந்தது.

இதையும் நான் மறந்திருந்தேன். அம்மா என்னிடம் கடைசியாகக் கேட்டுக்கொண்ட ஒரே விஷயம் அது. அந்த ஐந்து வாரமும் மருந்து, பெட்பேன், டாக்டர், ஷூட்டிங் என்று ஓடியதில் காதில் வாங்கி அப்படியே விட்டிருக்கிறேன். டிஸ்க் மறக்காமல் வைத்திருந்தது.

ஆனாலும் அண்ணனை அப்போது நான் முழுக்கக் கைவிடவில்லை. அவனும் அம்மா பிள்ளைதானே, இதைப் பார்த்தால் அவனே வேண்டாம் என்பான் என்று நினைத்தேன். நல்லது நினைப்பதில் நான் அவ்வளவு கெட்டிக்காரி. ஒன்றரை மணிக்கு அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இருமலில் இருந்து ஆரம்பித்து அந்த நாலு நிமிஷம் வரை போட்டுக் காட்டினேன்.

அவன் அழுதான். அதை மறைக்க வேண்டியதில்லை, நிஜமாகவே அழுதான். சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் அவன் தோளைத் தொடக் கையை நீட்டினேன்.

"குட்டி" என்றான். "இத எங்க வெச்சிருந்த இத்தன நாளா?"

"இங்கதான் இருந்துச்சு."

"இதான் படத்தோட முடிவு. தெரியுதா உனக்கு? 'இந்தக் கோலத்துல என்ன யாரும் பாக்க வேண்டாம்'. அதோட திரை இருட்டாகுது. சத்தமே இல்ல. பேர் ஓடுது."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"அண்ணா, அம்மா வேண்டாம்னு சொல்றா."

"அதான் குட்டி பாயின்ட்டே. வேண்டாம்னு சொல்றாங்க, ஆனா நாம பாத்துட்டோம். பாக்கறவனுக்குக் குத்தும். தூங்கமாட்டான்." எழுந்து, அறையில் இருந்த இரண்டடி இடத்தில் இப்படியும் அப்படியும் நடந்தான். "நீ பேசறது கொஞ்சம் சன்னமா கேக்குது. அத ஏத்திக்கலாம். கத்திரிகிட்ட இப்பவே சொல்லிடறேன். சாயங்காலம் வரேன், அதுக்குள்ள காப்பி முடிஞ்சிடும்ல?"

முடிந்துவிடும் என்றேன். அவன் என் முன்னாலேயே கத்திரிக்குப் போன் போட்டு அந்த முடிவை விவரித்தபடி வெளியே போனான். ஒரு சாந்தமான சிரிப்பு அவன் முகத்தில் இருந்தது. நல்ல ஷாட் கிடைத்த நாளில் அவனுக்கு வரும் சிரிப்பு.

பச்சைக் கோடு அறுபத்து மூன்று சதவீதத்தில் இருந்தது. நான் அதை நிறுத்தினேன். பதினோரு வருஷத்தில் ஒரு காப்பியைப் பாதியில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

வெறுமனே அழித்தால் போகாது. டிஸ்க்கில் அழிப்பது என்பது வீட்டு வாசலில் இருந்து பெயர்ப் பலகையைக் கழற்றுவது மாதிரிதான், உள்ளே ஆட்கள் அப்படியே இருப்பார்கள். அழிந்ததை மீட்கும் மென்பொருள் கத்திரியிடம் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. மேலே வேறொன்றை எழுதி நிரப்பினால்தான் அடியில் இருப்பது ஒழியும். அண்ணன் மெத்தையை வைத்துச் செய்தானே, அந்த மாதிரி.

அந்த முதல் ஷாட்டை மட்டும் எடுத்துவைத்துக்கொள்ளலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். பரீட்சைப் பேப்பர் என்று சிரிக்கிற ஷாட். அம்மா தலை சீவித்தான் இருந்தாள், அதில் யாரும் பார்க்கக் கூடாதது ஒன்றுமில்லை. ஆனால் என் அலமாரிக்கு அவனிடமும் சாவி இருக்கிறது. ஒரு ஷாட் இருக்கிறது என்று தெரிந்தால் அதற்கு ஒரு படம் பண்ணுவான். அதைவிட, எனக்கு என் மேலேயே நம்பிக்கை போயிருந்தது. இருமல் நல்லா வந்திருக்கு என்று எழுதிய கை இது. ஷாட்டை நாலாவது தடவையும் போட்டுப் பார்த்தேன், "என்னடா" என்ற இடத்தில் நிறுத்தினேன், பிறகு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தேன்.

அதன் மேல் மெத்தை விளம்பரத்தின் மொத்தக் காட்சியையும் ஏற்றினேன். ஒரு டிஸ்க் முடிந்ததும், பாதிக் காப்பி இருந்த இன்னொன்றிலும். இடம் நிறையும்வரை திரும்பத் திரும்ப. திரையில் ஒரு பெண் மெத்தையில் விழுந்து, பெருமூச்சு விட்டு, சிரித்தாள். எழுந்து போனாள். மறுபடி வந்து விழுந்தாள். நாற்பத்தோரு டேக்.

நாலரை மணிக்குக் கத்திரி கதவைத் தட்டினார். "அக்கா, டிஸ்க் ரெடியா?"

உள்ளே வந்தவர் திரையைப் பார்த்தார். செருகியிருந்த டிஸ்க்கின் எண்ணைப் பார்த்தார். மெத்தையில் அந்தப் பெண் விழுந்துகொண்டிருந்தாள். முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"சார் போன்ல சொன்னாரு" என்றார். "அந்தக் கடைசி ஷாட்டு. அதுக்கப்புறம் மதியம் எனக்குச் சாப்பாடு எறங்கலக்கா."

நான் நாற்காலியைத் தள்ளி, அவர் திரையைக் கிட்டே பார்க்க வழிவிட்டேன்.

"எத்தன பர்சென்ட் ஆச்சு?"

"எழுபது."

"நான் டீ குடிக்கப் போறேன். வர ஒரு மணி நேரம் ஆகும்." கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

அழிப்பு நோட்டை எடுத்தேன். அண்ணன் கையெழுத்துகள் இருபது வரியிலும் வரிசையாகக் காத்துக்கொண்டிருந்தன. முதல் வரியில் எண்: 212-அ. தேதி போட்டேன். காரணம் என்ற இடத்தில் 'படம் எடுக்கப்பட்டவர் சொன்னபடி' என்று எழுதினேன். அவன் கையெழுத்துக்குப் பக்கத்தில் என்னுடையதைப் போட்டேன்.

ஆறு மணிக்கு அவன் வந்தான். "எங்க, கத்திரி இன்னும் வாங்கலன்னு சொல்றான்?"

நோட்டைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினேன். படித்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"இது நான் போட்ட கையெழுத்து இல்ல."

"நீ போட்டதுதான். போன வருஷம். இருபது வரிக்கும் சேத்து."

"சரி, அது கிடக்கட்டும். 'ஆ' காப்பி இருக்..." அங்கே அவனே நின்றுவிட்டான்.

நான் மெத்தை டிஸ்க்கை எடுத்து ஸ்டிக்கரை முழுதாக உரித்து அவன் முன்னால் வைத்தேன். அவன் அதைக் கையில் எடுக்கவில்லை. நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தான்.

"அம்மா குரல்கூட இல்லயா?"

"இல்ல."

அந்த 'இல்ல' வெளியே வந்ததும் எனக்கு உடைந்துவிட்டது. காலையில் இருந்து அடக்கி வைத்திருந்தது. மேஜையில் தலையை வைத்து அழுதேன். அழுதுகொண்டே சொன்னேன், அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டதை, நான் அதை மறந்ததை, லாக்கில் நான் எழுதி வைத்திருந்ததை, முதல் ஷாட்டை நாலு தடவை பார்த்துவிட்டு அதையும் சேர்த்து அழித்ததை. என்னென்னவோ சொன்னேன். அவன் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. இவ்வளவு பொறுமையாக அவன் என்னைக் கேட்டதே இல்லை, பரவாயில்லை, இவனுக்கும் உறைத்திருக்கிறது என்று நினைத்துத் தலையைத் தூக்கினேன்.

அவன் மொபைலை நீட்டிப் பிடித்திருந்தான். கண் இரண்டும் கலங்கியிருந்தன. கை ஆடவில்லை.

"குட்டி, அப்படியே இரு. கண்ணத் தொடைக்காத. இப்ப சொன்னியே, அழிச்சத. ஆரம்பத்துல நான் ரெக்கார்டு போடல. அத இன்னொரு வாட்டி சொல்லு. மெதுவா."

நான் எழுந்து சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். ஜன்னல் இல்லாத அறை, ஒன்றும் தெரியவில்லை. மொபைல் வெளிச்சத்தில் அவன் மோவாய் மட்டும் தெரிந்தது. "லைட்டப் போடு" என்றான். நான் தடவிப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அதற்கப்புறம் அந்த ஸ்டூடியோவுக்கு நான் போகவில்லை.

லாக் தாளை என்னோடு எடுத்து வந்துவிட்டேன். வீட்டில் என் துணி அலமாரியில், புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. கிழித்துப் போடலாம் என்று இரண்டு மூன்று தடவை கையில் எடுத்தேன். டிஸ்க்கில் இருந்தது அம்மாவுடையது, அவள் சொன்னபடி செய்துவிட்டேன். தாளில் இருப்பது நான் எழுதியது. அந்த வட்டத்தைப் பேனாவை நன்றாக அழுத்திப் போட்டிருக்கிறேன். தாளின் பின்பக்கம் தடவினால் இன்னும் விரலில் தட்டுப்படுகிறது.